தோற்றவன் எண்ணெய் தேய்க்கணும்

"அழுத்தித் தேயிலே. மூணு நாளா நடக்காம மிச்சம் புடிச்ச தெம்பெல்லாம் எங்க போச்சு?"

குற்றாலம் பெரிய அருவிக்கரையில் நாலு பேர் காதில் விழட்டும் என்றே சத்தமாகச் சொன்னார் வல்லிநாயகம். இடுப்பில் துண்டோடு கல்லில் உட்கார்ந்திருந்த அவருக்கு, முதுகில் நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார் அப்துல் மஜீது.

"இந்த வாரமும் தோத்தாச்சா பாய்?" என்று குளிக்க வந்த ஒருத்தர் கேட்டார்.

"அடுத்த வாரம் வந்து பாருங்க. இவன்தான் எனக்குத் தேய்ப்பான்."

"ஆமா, கிழிச்ச. வாரம் தவறாம இதைத்தான சொல்லுத" என்றார் வல்லிநாயகம்.

இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடத்தில் அடி வாங்கியவர்கள். தென்காசி பஜாரில் வல்லிநாயகத்துக்கு ஜவுளிக்கடை, மஜீதுக்குப் பலசரக்குக்கடை.

வல்லிநாயகத்துக்கு நடை என்றாலே ஆகாது. வீட்டுக்கும் கடைக்கும் நடுவில் இரண்டு தெருதான். அதற்கும் குதிரைவண்டிக்காரன் சொரிமுத்துவின் ஜட்கா வந்து நிற்கவேண்டும். போன வருஷம் கல்லாவில் உட்கார்ந்தபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். "தினம் நடந்தாப் பிழைச்சீரு. இல்லேன்னா அடுத்த சாரலைப் பாக்கமாட்டீரு" என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அப்படியும் மனுஷன் இரண்டு நாள் நடந்தார், மூன்றாம் நாள் ஜட்காவில் ஏறிவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் மஜீதின் மச்சான் கொழும்பிலிருந்து ஒரு சாமான் கொண்டுவந்தார். பார்க்கப் பாக்கெட் கடிகாரம் மாதிரி இருந்தது. இடுப்பில் மாட்டிக்கொண்டு நடந்தால் எடுத்து வைக்கும் ஒவ்வோர் எட்டுக்கும் முள் நகரும். நடை மீட்டர் என்று இவர்களே பேர் வைத்துக்கொண்டார்கள்.

"பந்தயம் வச்சுக்கிடுவோமாலே?" என்றார் மஜீது. "மீட்டர் திங்கள், செவ்வா, புதன் எனக்கு. அடுத்த மூணு நாள் உனக்கு. யாருக்கு முள்ளு கூட நகருதோ அவன் செயிச்சான். தோத்தவன் ஞாயித்துக்கிழமை அருவிக்கரையில, எல்லாரும் பாக்க, செயிச்சவனுக்கு எண்ணெய் தேய்க்கணும்."

வல்லிநாயகத்துக்கு நடக்கத்தான் பிடிக்காது. தோற்க அதைவிடப் பிடிக்காது.

அன்றைக்குப் பிடித்த நடைதான். விடிந்தும் விடியாமலும் குற்றாலத்துக்குக் கிளம்பிவிடுவார். மீட்டர் கையில் இல்லாத நாளிலும், பழக்கம் விட்டுப்போகக்கூடாதே என்று நடந்தார். தொப்பை வடிந்து வேட்டி இடுப்பில் நிற்க மாட்டேன் என்றது. "அண்ணாச்சி நடக்க ஆரம்பிச்சதுல என் குதிரை கொழுத்துப்போச்சு" என்று சொரிமுத்து புலம்பினான்.

ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஜெயிப்பது வல்லிநாயகம்தான். மஜீதை பஜாரே கேலி பண்ணியது. "அவன் உக்காந்த இடத்துலயே ஆணியடிச்ச மாதிரி இருப்பான். அவனுக்கெல்லாம் மீட்டர் ஒரு கேடா?" என்று வல்லிநாயகமே கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். மஜீதும் கூடச் சேர்ந்து சிரிப்பார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை நடந்து திரும்புகையில் வல்லிநாயகத்துக்கு நாக்கு வறண்டது. வழியில் மஜீது வீடு. மஜீதின் மனைவி பாத்திமுத்து செம்பில் தண்ணீர் கொண்டுவந்தார்.

தண்ணீரை அண்ணாந்து குடிக்கும்போதுதான் கண்ணில் பட்டது. வாசல் நிலைக்குப் பக்கத்தில் ஓர் ஆணி. அதில் நடை மீட்டர் சிவனே என்று தொங்கிக்கொண்டிருந்தது.

"நல்லாருக்கு. மாப்ள இன்னும் போர்வைய விட்டு எந்திரிக்கலியோ?"

"நீங்க ஒண்ணு அண்ணாச்சி. விடியுமுன்ன செங்கோட்ட ரோட்டுல நடக்கப் போனாவ, இன்னும் வரல."

"மீட்டரை மறந்துட்டானா?"

"மறதியா? திங்களும் செவ்வாயும் அது அங்கனதான் தொங்கும். புதன்கிழமை மட்டும் பேருக்கு மாட்டிக்கிட்டு பள்ளிவாசல் வரைக்கும் போயிட்டு வருவாவ. கேட்டா, உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா கெடன்னு சொல்லுதாவ."

வல்லிநாயகம் செம்பைப் பாதியில் இறக்கினார்.

ஒரே ஒரு வாரம் தோற்றிருந்தாலும், 'போங்கலே நீங்களும் உங்க மீட்டரும்' என்று அன்றைக்கே ஜட்காவில் ஏறியிருப்போம். அது அந்தப் பயலுக்குத் தெரிந்திருக்கிறது. பஜாரில் அவனைப் பற்றிச் சொன்னதெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வர, அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது. செம்பை வைத்துவிட்டு நடந்தார்.

புதன்கிழமை ராத்திரி வழக்கம்போல மீட்டர் கை மாறியது.

ஞாயிற்றுக்கிழமை. அருவிக்கரையில் எண்ணெய்க் கிண்ணத்தோடு தயாராக நின்ற மஜீது, மீட்டரை வாங்கிப் பார்த்தார். முள் வைத்த இடத்திலேயே இருந்தது.

மஜீதின் முகம் வெளுத்துவிட்டது. "ஏம்லே, நடக்கலியா? நெஞ்சு கிஞ்சு வலிக்கா? டாக்டரைப் பாத்தியா?"

"நீதான செயிச்சிருக்க. உக்காரு" என்று கிண்ணத்தைப் பிடுங்கினார் வல்லிநாயகம்.

"எண்ணெய் கெடக்கட்டும்லே. மூணு நாளா எதுக்கு நடக்கல? அதச் சொல்லு மொதல்ல."

வல்லிநாயகம் அவரைத் தோளைப் பிடித்து அழுத்திக் கல்லில் உட்காரவைத்தார். உள்ளங்கை நிறைய எண்ணெய் எடுத்து உச்சியில் வைத்தார். முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. முதுகுக்குப் பின்னால் நின்றே சொன்னார்.

"தினமும் குத்தாலம் வரைக்கும் நடந்தேன் மாப்ள. உங்க வீட்டுல இருக்க மாதிரி, எங்க வீட்டுலயும் ஒரு ஆணி இருக்குல்லா?"