அழுத்தினால் வரும் சத்தம்

பட்டறையின் தகரக் கூரை ஓட்டை வழியாக வெயில் இறங்கி, பழைய பிக்கப் வண்டியின் முகப்பில் காசளவு வட்டமாகக் கிடக்கிறது. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது. பானட் மேல் வைத்த ஸ்பேனர் நடுங்கி நடுங்கி நகர்கிறது. வண்டிக்கு அடியில் படுத்திருக்கும் மெக்கானிக்கின் கால்கள் மட்டும் வெளியே தெரிகின்றன. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தங்கை உட்கார்ந்திருக்கிறாள். அண்ணன் கதவோரம் கைகட்டி நிற்கிறான். வீடு மாற்றுகிறவர்களின் சாமான்களை இருவரும் இந்த வண்டியில்தான் ஏற்றி இறக்குகிறார்கள். கியர்பாக்ஸ் போயிருந்தால் வண்டியை உடைக்கக் கொடுத்துவிட்டு மாமனார் கடையில் உட்கார்ந்துவிடுவதாக அவன் காலையில் சொல்லியிருக்கிறான். அவளால் தனியாக ஒரு பீரோவைத் தூக்க முடியாது.

"நியூட்ரல்ல வச்சு கிளட்ச் பெடலை விடுங்கம்மா," என்று அடியிலிருந்து குரல் வருகிறது. விடுகிறாள். இன்ஜின் மட்டும் சீராக உறுமுகிறது. "இப்ப அழுத்துங்க." அழுத்துகிறாள். தகரத்தில் மணலை வைத்துத் தேய்ப்பதுபோல் ஒரு கிறீச்சல் எழுகிறது. காலை எடுத்ததும் அடங்குகிறது. மெக்கானிக் ஊர்ந்து வெளியே வந்து கையைத் துடைக்கிறார். "அழுத்துனாத்தான் கத்துது. கியர்பாக்ஸா இருந்தா விட்டப்பவும் கத்தும். கிளட்ச் பேரிங்தான் தேஞ்சிருக்கு. மாத்திட்டா ஓடும்."

அண்ணன் கட்டிய கையைப் பிரிக்கிறான். "மாமனாருக்கு என்னன்னு சொல்லப்போற?" என்கிறாள் தங்கை, அவனைப் பார்க்காமல். "சும்மா இரு. எதுக்கும் இன்னொரு தடவை அழுத்து," என்கிறான். அழுத்துகிறாள். கிறீச்சல் பட்டறையை நிறைக்கிறது. இருவரும் காதைப் பொத்தாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.