இசட்டுக்கு வரிக்குதிரை

"பருப்பையும் பஞ்சையும் பசையில அப்பினா, அதுக்குப் பேரு படிப்பாக்கும்!" மகள் செய்த அட்டையை நாலாகக் கிழித்து ஷஹானா டீச்சரின் மேஜைமேல் விட்டெறிந்தாள் இசக்கிசெல்வி.

ஷஹானாவுக்குச் சுர்ரென்று ஏறியது. மேலகரத்து மழலைப் பள்ளியில் பிரெஞ்சு எழுத்து சொல்லிக் கொடுப்பவள் அவள். ஏ-க்கு ஐஸ் குச்சி விமானம், பி-க்குக் காகிதப் படகு, கடைசியாக இன்று இசட்டுக்கு வரிக்குதிரை. சாரல் ஈரத்தில் பசை காயாமல், ஃபேனுக்கு அடியில் வைத்துக் காயவைத்த குதிரை!

"குடுத்துவிட்ட ஒரு அட்டையைக்கூட நீங்க முழுசா வச்சதில்ல. என் மேல அப்படி என்ன கோவம்?"

"தென்காசியில பொறந்த பிள்ளைக்குப் பிரெஞ்சு எதுக்கு? நிப்பாட்டுங்க. இல்லைன்னா தாளாளர்ட்ட எழுதிக் குடுத்துருவேன்."

எழுதிக் கொடுத்தால் தீர்ந்தது கதை. இன்னொரு புகார் வந்தால் வகுப்பையே மூடிவிடுவேன் என்று தாளாளர் போன வாரம்தான் சொல்லியிருந்தார். பாவி மகள், என் சோற்றில் மண்ணள்ளிப் போடத்தான் வந்திருக்கிறாளா என்று ஷஹானா மனசுக்குள் பொருமினாள்.

"நானா உங்க பிள்ளையக் கூப்பிட்டேன்? அபர்ணாவோட அப்பாதான் பாரிசுல இருந்து போன் போட்டுச் சேர்த்துவிட்டாரு. ஆடி பிறக்குறதுக்குள்ள எல்லா எழுத்தும் முடிச்சிரணும்னு கெடு வச்சாரு. அங்கன இருக்க மனுசனுக்கு உள்ள அக்கறை, பெத்த உங்களுக்கு இல்லையே!"

இசக்கிசெல்வியின் முகம் கறுத்தது. நல்லா வேணும் என்று நினைத்துக்கொண்டாள் ஷஹானா.

"ஏட்டி அபர்ணா, அம்மாவுக்குச் சொல்லிக் காட்டு."

விரலெல்லாம் பசையோடு நாலு வயசு அபர்ணா முன்னால் வந்தாள். "ஆ, பே, சே, தே..." என்று தொடங்கி மூச்சு விடாமல் ஓடினாள். ஒரு எழுத்து தப்பவில்லை. கடைசி எழுத்துக்கு அவள் வாயைத் திறக்கும்போது, இசக்கிசெல்வி பாய்ந்து வந்து பிள்ளையின் வாயைப் பொத்திவிட்டாள்.

"என்ன மனுசி நீங்க? பிள்ளை வாயைப் போய்ப் பொத்துதீங்களே!" ஷஹானா கத்தியே விட்டாள்.

பொத்திய கையை இசக்கிசெல்வி எடுக்கவில்லை. மறு கையால் பிள்ளையை இழுத்துத் தன்னோடு இறுக்கிக்கொண்டாள்.

"எழுத்து முடிஞ்சா இவ அப்பா இவளை மட்டும் பாரிசுக்குக் கூட்டிட்டுப் போயிருவாவ, டீச்சர்."