வெளுத்த தாலி

தெர்மாமீட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் கணவனின் சட்டையைத் துவைக்கும்போது மரகதத்தின் பொன் தாலி வெள்ளியைப்போல வெளுத்துப்போனது. ஏழு மாத வயிற்றோடு பதறிப்போய் அவனிடம் காட்டினாள்.

"சட்டைப் பையில கெடந்த பாதரசம் ஒட்டியிருக்கு. அடுப்புல காட்டு, ஆவியாப் போயிரும். எங்க மோதிரமெல்லாம் அப்படித்தான் சரி பண்ணுறோம்" என்றான்.

மாமியார் கண்ணில் பட்டால் அபசகுனம் என்பாள். மரகதம் அடுக்களைக் கதவையும் சன்னலையும் சாத்தினாள். தாலியைக் கழற்றவும் மனம் வரவில்லை. கழுத்தில் கிடந்தபடியே அதை இடுக்கியால் பிடித்துக்கொண்டு அடுப்பின்மேல் குனிந்தாள்.

புகையில்லை, வாடையில்லை. வெள்ளை எங்கே போனதென்றே தெரியாமல் தாலி மஞ்சளாய்த் திரும்பியது.

வயிற்றுக்குள் பிள்ளை உதைத்தது. "ஒண்ணுமில்லடா, எல்லாம் சரியாப்போச்சு" என்று தடவிக்கொடுத்தபடி, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தாள்.