சிவகாசிப் பன்

“உண்மையைச் சொல்லிடுங்க தங்கச்சாமி. இந்தப் பன்னுல நீங்களா எதைச் சேர்க்கிறீங்க?”

மதுரைத் தலைமை அலுவலகத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருந்த தர அதிகாரி மகேஷ்குமார், பாதி கடித்த பன்னைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்திருந்தார். நித்திலா பேக்ஸ் சிவகாசிக் கிளையில் பன் போடும் தங்கச்சாமி மாவுக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார்.

“சத்தியமா ஒண்ணும் சேர்க்கல சார். சுவத்துல மாட்டியிருக்குல்ல கம்பெனி அட்டை, அதுல என்ன எழுதியிருக்கோ அம்புட்டுதான்.”

“அப்புறம் எப்படி இவ்வளவு ருசி? நமக்கு நாப்பத்திரண்டு கிளை. எங்க வாங்கினாலும் ஒரே ருசின்னு போர்டுலயே எழுதி வச்சிருக்கோம். இப்ப விருதுநகர் கிளையில வந்து ஜனங்க சண்டை போடுறாங்க. ‘சிவகாசிப் பன் மாதிரி இல்லையே, எங்களை மட்டும் ஏமாத்துறீங்களா’ன்னு. எம்.டி. கொதிச்சுப் போயிருக்கார். அட்டையை மீறினது தெரிஞ்சா இன்னைக்கே உங்க சீட்டைக் கிழிச்சிரச் சொல்லிட்டார்.”

ருசியாக இருப்பதற்காக வேலை போகும் என்பது தங்கச்சாமி இதுவரை கேள்விப்படாத சேதி. இது போனால் மறுபடியும் தாயில்பட்டிப் பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும் அறைதான் கதி. பதினாலு வருஷம் அங்கே இருந்தவர். அத்தனை வருஷமும் அவர் வீடு திரும்புகிற வரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்த மனைவி மாரிசெல்வி, இந்த ஒன்றரை வருஷமாகத்தான் மத்தியானத்தில் கொஞ்சம் கண்ணயர்கிறாள். அவளிடம் எந்த முகத்தோடு போய்ச் சொல்வது?

மகேஷ்குமார் சோதனையில் இறங்கினார். மைதா மூட்டைக்குள் முழங்கை வரை விட்டுத் துழாவினார். உப்பு டப்பாவை முகர்ந்தார். குழாயைத் திறந்து ஒரு வாய் குடித்துப் பார்த்தார்.

“ஒருவேளை தண்ணிதான் காரணமோ?”

“இந்தத் தண்ணியில பருப்பே வேகாது சார்,” என்றாள் கவுன்ட்டரிலிருந்த பிரீத்திகா.

அடுத்ததாகத் தங்கச்சாமியின் டிபன் பாக்ஸைத் திறந்தார். கத்தரிக்காய்க் குழம்பு. சட்டைப் பையைத் தடவியபோது ஒரு சின்னப் பொட்டலம் கையில் சிக்கியது. அதிகாரியின் முகம் கல்யாண வீடாக மலர்ந்தது.

“மாட்டிக்கிட்டீங்களா!” பிரித்து, விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்தார்.

“சார், அது இருக்கங்குடி மாரியம்மன் கோயில் துன்னூறு,” என்றார் தங்கச்சாமி பணிவாக. “நெத்தியில வைக்கணும்.”

பிரீத்திகா பில் மெஷினுக்குப் பின்னால் குனிந்துகொண்டாள்.

“சரி, சரி. என் கண் முன்னாடியே ஒரு ஈடு போடுங்க, பார்ப்போம்.”

“போனை அங்கன வச்சிட்டு வாங்க சார். மாவு நிறுக்கும்போது பேச்சு வரக் கூடாது.”

மகேஷ்குமார் முறைத்தபடியே போனை மேஜையில் வைத்துவிட்டு வந்தார். தங்கச்சாமி மாவைச் சலித்தார். அட்டையில் இரண்டு தடவை என்று போட்டிருந்ததால் இன்னொரு தடவையும் சலித்தார். தராசில் ஈஸ்ட்டை வைத்ததும் அறுபத்தொன்று காட்டியது. கரண்டி நுனியால் ஒரு துளி எடுத்தார். அறுபது ஆனதும்தான் அவருக்கு மூச்சே வந்தது.

“ஒரு கிராம்தானேங்க, விடுங்க.”

“பட்டாசு ரூம்ல ஒரு கிராம் கூடுனா கூரை போயிரும் சார். கை அப்படியே பழகிருச்சு.”

பிசைந்து பன்னாக உருட்டிய மாவை மூடி வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்து உட்கார்ந்தார். இருபது நிமிஷம் போனதும் அதிகாரிக்கு இருப்புக் கொள்ளவில்லை.

“அதான் உப்பி வந்துருச்சே, அடுப்புல தள்ள வேண்டியதுதானே?”

“அம்பது நிமிஷம்னு எழுதியிருக்கே சார்.”

“எங்க?”

“ஏழாவது வரியில.”

மகேஷ்குமார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அட்டைக்குப் பக்கத்தில் போய் நின்றார். ஏழாவது வரியைப் படித்தார். பிறகு முதல் வரியிலிருந்து ஆரம்பித்து மொத்தத்தையும் படித்தார். பிறகு அவரும் கடிகாரத்தைப் பார்த்தபடி வந்து உட்கார்ந்தார். தங்கச்சாமிக்குப் பயம் இன்னும் கூடியது.

ஒருவழியாகப் பன் வெந்து வந்தது. அதிகாரி சுடச்சுட இரண்டு தின்றார். மூன்றாவதைக் கையில் எடுத்துக்கொண்டு போய், எம்.டி.யைக் கூப்பிட்டு ஸ்பீக்கரைப் போட்டார்.

“சார், கண்டுபிடிச்சிட்டேன்.”

“அப்படி என்னத்தைய்யா கலக்குறார் அந்த ஆள்?” எம்.டி.யின் குரல் கடை முழுக்கக் கேட்டது. தங்கச்சாமி சட்டைப் பையைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

“ஒண்ணும் கலக்கல சார். நான் போகாத கிளை கிடையாது. எல்லா இடத்துலயும் ஈஸ்ட்டைக் கையால அள்ளிப் போட்டு, இருபது நிமிஷத்துல அடுப்புக்குள்ள தள்ளிடுறாங்க. நம்ம நாப்பத்திரண்டு கிளையிலயும் கம்பெனி அட்டைப்படி பன் போடுறது இவர் ஒருத்தர்தான் சார்.”

தங்கச்சாமிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பிரீத்திகா அவரைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்தினாள். மாரிசெல்விக்கு ஒரு டஜன் பன் கட்டிக்கொண்டு போக வேண்டும் என்று அவர் நினைத்த நேரத்தில், ஸ்பீக்கர் தொண்டையைச் செருமியது.

“நாப்பத்தோரு பேரைத் திருத்துறது நடக்குற காரியமாய்யா? அந்த ஒருத்தரை மதுரைக்குக் கூட்டிட்டு வந்து, பத்து நாள் டிரெய்னிங் குடுத்து, மத்தவங்க மாதிரி பன் போடக் கத்துக்கொடுத்து அனுப்புங்க.”