பதில் பேசாதவள்

"என்னடி ஊமைச்சி, இன்னிக்கும் வாயில கொழுக்கட்டையா? உன்னைச் சேத்துக்கிட்ட டீம் எங்கடி ஜெயிக்கும்? போனை வித்துட்டுப் போய்ப் பாத்திரம் தேய்!"

ஹெட்போனில் அந்தப் பையன் சிரித்தான். கூடவே நாலைந்து பேர் சிரித்தார்கள். சரிதா முகம் மாறாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

லாஸ்பேட்டையில், மாடியில் இருந்த அந்த அலுவலகத்தில் இதுதான் வேலை. ஆன்லைன் விளையாட்டில் யாரையாவது யாராவது திட்டினால், புகாரோடு ஒலிப்பதிவும் இங்கே வரும். பெயர் இருக்காது, எண் மட்டும்தான். திட்டியவனைத் தடை செய்வதா, விடுவதா என்று பதிவைக் கேட்டுவிட்டுச் சொல்ல வேண்டும்.

புதிதாகச் சேர்ந்த முகிலன் பக்கத்தில் உட்கார்ந்து அதே பதிவைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"இவனைத் தூக்கிடலாம்க்கா. விட்டா சாயங்காலமே மறுபடியும் அந்தப் பொண்ணுகிட்ட வந்து நிப்பான்."

"புகார் குடுத்தது அவ இல்லியே, கூட ஆடுற வேற யாரோ. அவ ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசினாளா?"

"இல்லக்கா."

"அப்ப அவளுக்கு உறைக்கலைன்னு அர்த்தம். நானும் வந்த புதுசுல இதெல்லாம் கேட்டு பாத்ரூம்ல போய் அழுதிருக்கேன். இப்ப பாரு, கல்லு மாதிரி இருக்கேன். அவளும் பழகிட்டா. கெட்டிக்காரி."

முகம் தெரியாத அந்தப் பெண்ணை நினைக்கையில் சரிதாவுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. 'வெறும் கேலி' என்ற பொத்தானை அழுத்திப் புகாரை மூடினாள். மூடியதைத் திரும்பத் திறக்க முடியாது.

"சாப்பிடலாம் வா தம்பி. மிளகு ரசம் கொண்டாந்திருக்கேன். ப்ளஸ் டூ படிக்கிறாளே எம் பொண்ணு, அவளுக்கு ஒரு மாசமா சளி. கண்ணு, மூக்கெல்லாம் செவந்து கெடக்கு. கோரிமேடு ஆஸ்பத்திரில காட்டி மாத்திரை வாங்கியும் கேக்கல. தினம் வீட்ல ரசம்தான்."

முகிலன் ஹெட்போனைக் கழற்றவில்லை.

"இருங்கக்கா. அவனுங்க போனப்புறமும் பதிவு ஓடுது. அந்தப் பொண்ணு மைக்கை அணைக்கல போல."

"ஆட்டம் முடிஞ்சப்புறம் என்ன இருக்கப் போவுது? நான் அதெல்லாம் கேக்கறதே இல்ல."

"என்னமோ கேக்குதுக்கா. நீங்களே கேளுங்க."

சலித்துக்கொண்டே வாங்கி மாட்டினாள்.

முதலில் மின்விசிறியின் இரைச்சல். பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம். வாயில் துணியை அடைத்துக்கொண்டு யாரோ தேம்பும் சத்தம். அது நிற்கவே இல்லை.

யாரோ கதவைத் தட்டினார்கள். தேம்பல் சட்டென்று அடங்கியது. கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து சரிதாவின் குரல் கேட்டது.

"சிந்துஜா, இன்னுமா சளி விடல? ரசம் ஆறுது, வாடி."