உரக்கக் கத்தியவன்

"வெளியாளுங்கள விரட்டுங்கடா!"

மற்ற லோடுமேன்கள் தொண்டையெல்லாம் ஒரு பக்கம், அவன் தொண்டை ஒரு பக்கம். எங்கிருந்தோ வந்தவர்கள் சந்தையில் அரைக் கூலிக்கு மூட்டை தூக்கி, இவர்கள் பிழைப்பில் மண்ணைப் போட்டிருந்தார்கள். இன்று லோடுமேன் சங்கமே கட்டையும் கையுமாக, அந்த வெளியாட்களும் குடியிருக்கும் தெருவுக்குள்ளேயே வந்தாயிற்று. வீடு வீடாக ஆட்களை வெளியே இழுத்துப் பேசச் சொன்னார்கள். பாஷை வேறென்றால் உதை.

அவன் வீட்டுக் கதவையும் ஒருத்தன் கட்டையால் இடித்தான்.

"டேய், அது என் வீடு! உள்ள எங்க அம்மா மட்டுந்தான்டா!" என்று பதறினான் அவன்.

"விடுங்கடா, அந்தம்மா ஊமை. பாவம், வாயில்லாப் பூச்சி," என்ற சங்கத் தலைவர் அவன் தோளில் கைபோட்டார். "உன்ன மாதிரி இன்னும் நாலு பேர் இருந்தா, என்னைக்கோ இந்த ஊரு சுத்தமாயிருக்கும்."

அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இன்னும் பலமாகக் கத்தினான்.

பக்கத்து மாடியில் அகப்பட்டுக்கொண்ட எவனோ வீசிய செங்கல் அவன் மண்டையில் விழுந்தது. நடுத்தெருவில் சாய்ந்தான்.

கதவு திறந்தது. தலைவிரிகோலமாக ஓடிவந்த அம்மா, அவனை மடியில் போட்டுக்கொண்டு வாய்விட்டுக் கதறினாள். ஒரு வார்த்தைகூடக் கூட்டத்துக்குப் புரியவில்லை. ஆனால் காலையிலிருந்து அந்தப் பாஷையைத்தான் உதைத்துக்கொண்டிருந்தார்கள்.

ரத்தக் கையால் அவள் வாயைப் பொத்தினான். "செத்தாலும் வாயத் தொறக்காதேன்னு சொன்னேனேம்மா..."

அதுவும் அதே பாஷையில்தான் வந்தது.

கூட்டத்தில் யாரோ கோஷத்தை எடுத்துக்கொடுத்தார்கள். அவன் தொண்டை இல்லாமலே அது தெரு முழுக்கக் கேட்டது.