சூடு ஏறும் நேரம்

குழைத்த பிளாஸ்டரை அப்பாவின் வலது பாதத்தில் பின்பக்கமாக அள்ளிப் பூசிவிட்டு, வெண்பா கைப்பேசியில் மணி பார்த்தாள். காலை பத்து நாலு.

கட்டிலில் சாய்ந்திருந்த திருமால், யாருடைய காலையோ பார்ப்பதுபோலத் தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விருத்தாசலத்துப் பீங்கான் யூனிட்டில் இருபத்தாறு வருஷம் அச்சு ஊற்றிய மனுஷன். எட்டு மாதத்துக்கு முன் மண் லாரி மேலிருந்து விழுந்தார். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போனது போனதுதான்.

தொங்கிப்போன பாதத்துக்குத் தாங்கல் செய்ய வேண்டும், காலின் அச்சைக் கொண்டுவாருங்கள் என்று புதுச்சேரி ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அச்சு எடுப்பதா பெரிய வேலை? அவர் மனைவி கொளஞ்சியம்மாளுக்கும் அதே யூனிட்டில் பதினெட்டு வருஷம் பிளாஸ்டர் பிழைப்புதான்.

பயமெல்லாம் சூட்டைப் பற்றித்தான். பிளாஸ்டர் தண்ணீரோடு சேர்ந்து இறுகும்போது வெப்பத்தை வெளியே விடும். நல்ல காலாக இருந்தால் சுட்டதும் இழுத்துக்கொள்ளும். இந்தக் கால் வெந்தாலும் சொல்லாது.

பள்ளியில் வேதியியல் நடத்தும் வெண்பா நேற்றே கணக்குப் போட்டுவிட்டாள். ஒரு கிலோ மாவுக்கு ஏறக்குறைய நூற்றுப் பதினைந்து கிலோஜூல். தடிமனாகப் பூசினால் முப்பது டிகிரி ஏறும். இருக்கிற முப்பதோடு சேர்ந்தால் அறுபது, தோல் தாங்காது. மெல்லிசாகத்தான் பூச வேண்டும். முதல் பத்து நிமிடம் சூடே இருக்காது. பதினெட்டாவது நிமிடம் கழற்றிவிட வேண்டும்.

ஒரு வருஷத்துக்குள் துளி உணர்ச்சி வந்தாலும் நம்பிக்கை உண்டு என்று டாக்டர் சொன்னதிலிருந்து, கொளஞ்சியம்மாள் தினமும் விடிந்ததும் அவர் கால் கட்டைவிரலைக் கிள்ளுவாள். "தெரியுதாங்க?" என்பாள். அவர் இல்லை என்று தலையாட்டுவார். அவள் அடுப்படிக்குப் போய் அழுவது அவருக்கும் கேட்கும்.

மூன்றாவது நிமிடம் திருமால் சட்டென்று நிமிர்ந்தார்.

"கொளஞ்சி, சுடுதுடி. காலு சுடுது."

வெண்பா பாய்ந்து பிளாஸ்டரைத் தொட்டாள். ஜில்லென்று இருந்தது.

இத்தனை வருஷம் ஊற்றியவருக்கு இது தெரியாதா? பாவி மனுஷன், அவசரப்பட்டுவிட்டார். பெண்டாட்டி ஒரு நாளாவது அழாமல் இருக்கட்டும் என்கிற அவசரம்.

இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று வெண்பா திணறுவதற்குள், அடுப்படியிலிருந்து ஓடிவந்த கொளஞ்சியம்மாள் அச்சின் மேல் உள்ளங்கையை வைத்தாள். ஒரு கணம் அப்படியே வைத்திருந்தாள். பிறகு வெடுக்கென்று கையை எடுத்து உதறினாள்.

"ஆமாங்க, என்னாமா சுடுது! கொஞ்சம் பொறுத்துக்குங்க, தோ ஆயிடும்."

அவள் சிரித்தாள். அவரும் சிரித்தார். எட்டு மாதத்தில் அந்த வீட்டில் யாரும் சிரித்ததில்லை. வெண்பா மறுபடியும் மணி பார்த்தாள்.

மாசி மகத்துத் தேருக்கு உன்னைக் கூட்டிக்கொண்டு நடந்தே போகிறேன் பார் என்று அவர் ஆரம்பித்தார். புதுச் சேலை வேண்டும் என்றாள் அவள்.

பத்து இருபத்திரண்டுக்கு அச்சு வெண்பாவின் விரலைச் சுட்டது. அம்மாவின் கையும் பக்கத்தில் வந்தது. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், ஆளுக்கொரு பக்கம் பிடித்து அச்சைக் கழற்றினார்கள்.

திருமால் கவனிக்கவே இல்லை. சேலை என்ன நிறத்தில் வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.